எச்சூக்காவில் பிள்ளைகளுக்கு எதைக் காட்டுவது

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. அப்பாவும் நானும் நலமாக இருக்கிறோம். டிசெம்பர் விடுமுறைக்குப் பிள்ளைகளோடு வரும்போது, மெல்பேர்ணுக்கு வெளியே இரண்டு மூன்று நாட்கள் தங்கிப் பார்க்கத்தக்க பழைய ஊர் ஒன்றைச் சொல்லும்படி கேட்டிருந்தாய். அப்பா உடனே பல்லரட் என்றார். அங்கே பிள்ளைகள் ஓடைத் தண்ணீரில் தங்கம் அரித்து விளையாடலாம், குதிரை வண்டியில் ஏறலாம் என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் அங்குள்ள சொவரின் ஹில் என்னும் திறந்தவெளி அருங்காட்சியகத்தில் நாம் பார்க்கும் தெரு, பழைய தெருவைப் போலப் பின்னாளில் கட்டப்பட்ட தெரு. உண்மையான பழைய மரத்தில் கை வைத்துப் பார்க்க வேண்டுமானால் மரே ஆற்றங்கரையில் உள்ள எச்சூக்காவுக்குத்தான் போக வேண்டும் என்பது என் எண்ணம். அந்த ஊரைப் பற்றியும், எதிர்க்கரையில் இருந்தும் சுற்றுலாப் பயணிகள் அதிகம் கேள்விப்படாத ஓரிடத்தைப் பற்றியும் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். நீ இதை வாசித்துப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கூட்டிக்கொண்டு வந்தால், இங்கே நான் மறுபடி வகுப்பு எடுக்க வேண்டியிராது.

எச்சூக்கா மெல்பேர்ணுக்கு வடக்கே ஏறத்தாழ 220 கிலோமீற்றர் தூரத்தில் இருக்கிறது. காரில் இரண்டரை மணி நேரம் போதும். 2,508 கிலோமீற்றர் ஓடும் மரே ஆற்றோடு ஊரின் மேற்குப் பக்கத்தில் கம்பாஸ்பி ஆறும், சற்றுக் கிழக்கே கோல்பேர்ன் ஆறும் வந்து கலக்கின்றன. எதிர்க்கரையில் இருக்கும் மோவாமா, நியூ சவுத் வேல்ஸைச் சேர்ந்தது. இரு மாநிலங்களுக்கும் எல்லை ஆறுதான் என்று பொதுவாகச் சொல்வார்கள். ஆனால் சட்டப்படி எல்லை ஆற்றின் நடுவில் இல்லை, விக்டோரியப் பக்கத்துக் கரையின் மேல்விளிம்பில் இருக்கிறது. தண்ணீர் முழுவதும் நியூ சவுத் வேல்ஸுக்கே சொந்தம் என்பதால், எச்சூக்காக் கரையில் நின்று தூண்டில் போடுபவரும் அந்த மாநிலத்தின் அனுமதிச் சீட்டைத்தான் வைத்திருக்க வேண்டும். மூத்தவன் தூண்டிலோடு வருவதாக இருந்தால் அதை முன்கூட்டியே பார்த்துக்கொள்.

ஊரை நிறுவியவர் ஹென்றி ஹொப்வூட். இங்கிலாந்தில் களவுப் பட்டுத்துணியை வாங்கிய குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டு, 1834 இல் இன்றைய தாஸ்மேனியாவுக்குக் கைதியாக அனுப்பப்பட்டவர். விடுதலையான பிறகு இந்தக் கரைக்கு வந்து, கம்பாஸ்பி கலக்கும் இடத்துக்கு அருகில் ஆட்களையும் ஆடுமாடுகளையும் அக்கரை சேர்க்கும் மிதவை ஒன்றை நடத்தினார். பிறகு மிதவைகளை இணைத்துப் பாலமும் போட்டார். பாலத்தருகே 1859 இல் அவர் கட்டிய பிரிட்ஜ் ஹொட்டேல் இன்றும் நிற்கிறது. தம் விடுதியில் கூட்டம் குறைந்தால் மிதவையை நிறுத்திவிட்டுப் பயணிகளை அங்கேயே தங்க வைப்பார் என்று ஊரில் சொல்வார்கள். 1869 இல் நெருப்புக் காய்ச்சலில் இறந்துபோனார். கைதியாக வந்த ஒருவர் ஊருக்குத் தந்தையானதை அந்த ஊரார் மறைப்பதில்லை, பெருமையாகவே சொல்கிறார்கள். அந்த வெளிப்படைத்தனம் எனக்குப் பிடித்திருந்தது.

எச்சூக்காவைத் துறைமுகமாக்கியது புகையிரதம். மெல்பேர்ணிலிருந்து பெண்டிகோ வழியாக வந்த இருப்புப் பாதை 1864 இல் இங்கே ஆற்றைத் தொட்டது. அதற்கு முன்பே, 1853 இலிருந்து, மரே ஆற்றில் நீராவிப் படகுகள் ஓடத் தொடங்கியிருந்தன. நியூ சவுத் வேல்ஸின் உட்புறத்து ஆட்டுப் பண்ணைகளில் கத்தரித்த கம்பளி மயிர், மரம்பிட்ஜி, டார்லிங் ஆறுகள் வழியாக, டார்லிங்கின் மேற்புறத்து ஊரான பேர்க் வரையிலிருந்தும் படகேறி இங்கே வந்து, ரயிலில் மெல்பேர்ண் துறைமுகத்துக்குப் போயிற்று. சிட்னியின் சரக்கை மெல்பேர்ண் வாரிக்கொண்டது என்று சுருக்கமாகச் சொல்லலாம். 1901 இல் கூட்டரசு அமையும் வரை இரண்டும் தனித்தனிக் குடியேற்ற நாடுகள். ஆற்றைக் கடக்கும் சரக்குக்குத் தீர்வை உண்டு. கடலிலிருந்து இத்தனை தூரத்தில் உள்ள ஒரு சிற்றூரில் சுங்க அலுவலகம் எதற்கு என்று பிள்ளைகள் கேட்டால் இதைச் சொல். நாட்டிலேயே மிகப் பெரிய உள்நாட்டுத் துறைமுகமாக இருந்த ஊர் அது.

துறைமேடை 1865 இல் கட்டத் தொடங்கிப் பின்னர் நீட்டப்பட்டது. எல்லாம் ரெட் கம் என்னும் யூக்கலிப்டஸ் மரம். அதன் உயரத்தைக் கண்டு முதலில் யாரும் வியப்பார்கள். கீழே ஆறு எங்கோ ஆழத்தில் ஓடும், மேடை தலைக்கு மேலே நிற்கும். மேலணைகள் இல்லாத அக்காலத்தில், வசந்தத்தில் மலைப் பனி உருகும்போது ஆறு பல மீற்றர் உயர்ந்து, கோடையில் படகு ஓட முடியாத அளவுக்கு வற்றியது. எந்த மட்டத்தில் நீர் நின்றாலும் சரக்கை ஏற்றி இறக்க வேண்டும் என்பதற்காகவே மேடையைத் தட்டுத் தட்டாக அமைத்திருக்கிறார்கள். மேலே நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடாதே. பிள்ளைகளைப் படியிறங்கிக் கீழ்த்தட்டுக்குக் கூட்டிப் போ. அங்கே தூண்களுக்கும் குறுக்குச் சட்டங்களுக்கும் நடுவில் நின்றால்தான் அந்தத் தச்சர்கள் என்ன செய்திருக்கிறார்கள் என்பது விளங்கும்.

இப்போது இருப்பது பழைய மேடையின் ஒரு துண்டுதான். இருப்புப் பாதைகள் பண்ணைகளுக்கு அருகிலேயே போய்ச் சேர்ந்ததும் படகுத் தொழில் தளர்ந்தது. 1890களின் பொருளாதார வீழ்ச்சியும் வறட்சியும் மீதியை முடித்தன. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1944 இல், மெல்பேர்ணில் விறகுக்குத் தட்டுப்பாடு வந்தபோது மேடையின் பெரும்பகுதியைப் பிரித்து அடுப்பெரிக்க அனுப்பிவிட்டார்கள். இன்று நுழைவுச் சீட்டு வாங்கிப் பார்க்கும் பொருளை அன்று விறகென்று கண்டதற்காக அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. குளிரில் இருந்தவர்களுக்கு அடுப்புத்தான் முதலில்.

படகுகளில் ஒன்றிலாவது ஏற வேண்டும். எல்லாம் விறகு எரித்து நீராவியில் ஓடுபவை. இயந்திரத்தையும் உலையையும் தட்டிலிருந்தே பார்க்கலாம், எண்ணெய் மணம் மூக்கில் ஏறும். ‘பெவென்சி’ 1911 இல் மோவாமாவில் கட்டப்பட்டது, கம்பளி ஏற்றியது. ‘அலெக்சாண்டர் ஆர்பத்நொட்’ 1923 இல் ஒரு மர ஆலைக்காகக் கட்டப்பட்டது. எல்லாவற்றிலும் மூத்தது ‘அடிலெய்ட்’. 1866 இல் இதே எச்சூக்காவில் கட்டப்பட்டது. மர உடலோடு இன்றும் ஓடும் நிலையில் உள்ள துடுப்புச் சக்கர நீராவிப் படகுகளில் உலகிலேயே பழையது என்று சொல்கிறார்கள். இடையில் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆற்றைவிட்டு எடுக்கப்பட்டு, ஹொப்வூட் பெயரில் உள்ள பூங்காவில் தரையில் கிடந்து, 1980களில் மறுபடி தண்ணீருக்கு வந்தது. அது எப்போதும் பயணிகளை ஏற்றுவதில்லை. கட்டியிருக்கும் இடத்தில் பார்த்தாலே போதும்.

படகுத் துறையில் ஒரு சரக்குத் தெப்பத்தையும் கவனி. அதன் குறுக்கே இரு பக்கமும் நீண்ட கட்டைகள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பச்சை ரெட் கம் மரம் நீரில் மிதக்காது, மூழ்கிவிடும். ஆகவே வெட்டிய மரங்களை அந்தக் கட்டைகளிலிருந்து சங்கிலியால் நீருக்குள் தொங்கவிட்டு, தெப்பத்தின் மிதப்பால் தாங்கி, நீராவிப் படகால் ஆலைக்கு இழுத்து வந்தார்கள். துறைமேடை, படகுகளின் உடல், தண்டவாளக் கட்டைகள், உலையில் எரிந்த விறகு எல்லாமே அந்த ஒரே மரம். அது வந்த காடு ஆற்றின் மேற்புறத்தில் இருக்கிறது. இரு கரையிலும் விரிந்திருக்கும் பார்மா, மில்லவா காடுகள் சேர்ந்துதான் உலகிலேயே பெரிய ரெட் கம் காடு. எச்சூக்காவுக்கு வந்து துறையோடு திரும்புபவர்கள் பாதி ஊரைத்தான் பார்க்கிறார்கள் என்று நான் சொல்வது இதனால்தான். அந்தக் காடும் இந்த ஆறும் இங்குள்ள பழங்குடிகளான யோர்ட்டா யோர்ட்டா மக்களுடையவை. ஆற்றை அவர்கள் டுங்கலா என்று அழைக்கிறார்கள். 2022 இல் எச்சூக்காவையும் மோவாமாவையும் இணைத்துத் திறந்த புதிய பாலத்துக்கு அந்தப் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல நினைத்ததற்கு வருகிறேன். துறை செழித்திருந்த காலத்தில் டானியல் மத்தியூஸ் என்பவர் எச்சூக்காவில் சகோதரரோடு கடை நடத்தினார். குடியேறியவர்கள் நிலத்தைப் பிடித்துக்கொண்டதால் பிழைப்பிழந்து ஆற்றங்கரையில் அலைந்த யோர்ட்டா யோர்ட்டா மக்களைக் கண்டு, 1874 இல் ஆற்றின் மேற்புறத்தில், நியூ சவுத் வேல்ஸ் கரையில், மலோகா என்னும் இடத்தில் மிஷன் ஒன்றைத் தொடங்கினார். 1881 ஜனவரியில் அவர் மலோகா மக்கள் சிலரை மெல்பேர்ணுக்கு அழைத்து வந்து பிறைற்றன் கடற்கரையில் தங்கவைத்தார். நீ சிறுவனாக இருந்தபோது வண்ணக் குடில்களுக்கு முன்னால் நிறுத்திப் படம் எடுத்தோமே, அதே கடற்கரை. அங்கே அவரைச் சந்தித்துத் தாமாகவே ஆசிரியர் வேலைக்கு முன்வந்தவர் தோமஸ் ஷாட்ராக் ஜேம்ஸ் என்ற இளைஞர். 1859 இல் மொரீஷியஸில் இந்தியப் பெற்றோருக்குப் பிறந்தவர்.

இதை முதன்முதலில் அறிந்தபோது எனக்கு ஏற்பட்ட வியப்பை நீ புரிந்துகொள்வாய். நம்மைப் போன்றவர்கள் இந்த நாட்டுக்கு நேற்று வந்தவர்கள் என்றே நாமும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். நூற்றுநாற்பது ஆண்டுகளுக்கு முன்பே, கடல் கடந்த இந்தியக் குடும்பமொன்றின் பிள்ளை மரே ஆற்றங்கரையில் கரும்பலகை முன் நின்றிருக்கிறார். அவர் அங்கே இரண்டொரு ஆண்டு தொண்டு செய்துவிட்டுத் திரும்பிப் போனவரும் அல்லர். அந்தச் சமூகத்தில் ஏடா கூப்பரை 1885 இல் மணந்து அவர்களில் ஒருவரானார். மிஷனின் கட்டுப்பாடுகளால் சலித்த மக்கள் 1888 இல் மலோகாவை விட்டு அருகிலுள்ள கம்மரகுஞ்சாவுக்குக் குடிபெயர்ந்தபோது பள்ளியும் அவர்களோடு போயிற்று. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அவர் கற்பித்தார். பகலில் பிள்ளைகளுக்கு, மாலையில் வேலை முடித்து வந்த பெரியவர்களுக்கு. ஆசிரியத் தொழிலில் இருந்தவள் என்பதால், அந்த இரண்டாவது வகுப்பு எத்தனை களைப்பில் நடந்திருக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

அந்தப் பள்ளியில் உருவானவர்களைப் பார். ஏடாவின் சகோதரர் வில்லியம் கூப்பர், முதுமையில் மெல்பேர்ணுக்கு வந்து, பழங்குடிகளுக்காக அவுஸ்திரேலியப் பழங்குடியினர் சங்கத்தை நடத்தினார். நாடாளுமன்றத்தில் தம் மக்களுக்கு ஓரிடம் வேண்டும் என்று மன்னருக்கு எழுதிய விண்ணப்பத்தில் 1,814 பேரிடம் ஒப்பம் பெற்றார். அரசாங்கம் அதை மன்னருக்கு அனுப்பவே மறுத்துவிட்டது. ஜெர்மனியில் யூதர்களுடைய கடைகளும் தொழுகை இடங்களும் தாக்கப்பட்டதைக் கேட்டு, 1938 டிசெம்பர் 6 அன்று, சொந்த நாட்டில் குடியுரிமை முழுதாக இல்லாத அந்த முதியவர் தம் மக்களோடு மெல்பேர்ணில் இருந்த ஜெர்மன் துணைத்தூதரகத்துக்குக் கண்டனக் கடிதம் கொண்டு போனார். மெல்பேர்ணில் நீதிமன்றக் கட்டடம் ஒன்றுக்கு இன்று அவர் பெயர். கம்மரகுஞ்சாவில் 1906 இல் பிறந்த டக் நிக்கல்ஸ், புகழ்பெற்ற காற்பந்து வீரராகவும் போதகராகவும் இருந்து, 1976 இல் தென் அவுஸ்திரேலியாவின் ஆளுநரானார். அப்பதவிக்கு வந்த முதல் பழங்குடி அவர்தான். ஓர் ஆற்றங்கரைப் பள்ளிக்கு இதைவிட வேறென்ன பெறுபேறு வேண்டும்?

ஆனால் கம்மரகுஞ்சாவின் கதை பள்ளியோடு முடியவில்லை. அங்கே மக்கள் நிலத்தைத் திருத்திக் கோதுமை விளைவித்தார்கள். பிறகு அரசாங்கத்தின் பிடி இறுகியது, குடும்பங்களுக்குக் கொடுத்த காணித் துண்டுகள் திரும்ப எடுக்கப்பட்டன, பிள்ளைகள் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டார்கள். பங்கீட்டு உணவும் இருப்பிடமும் மோசமாகி, நிர்வாகியின் கொடுமையும் பொறுக்க முடியாமல், 1939 பெப்ரவரியில் ஏறத்தாழ 200 பேர் மூட்டை முடிச்சுகளோடு வெளியேறி, ஆற்றைக் கடந்து விக்டோரியக் கரையில் பார்மாவில் கூடாரமிட்டார்கள். எல்லை கரையின் விளிம்பில் இருக்கிறது என்று மேலே எழுதினேனல்லவா? அவர்களைப் பொறுத்தவரை அந்த விளிம்பில் ஏறுவது ஒரு நிர்வாகத்தின் கையிலிருந்து தப்புவது. ஆற்றைக் கடந்தவர்களில் பலர் திரும்பவேயில்லை. எச்சூக்காவிலும் ஷெப்பர்டனிலும் அவர்களுடைய வழித்தோன்றல்கள் வாழ்கிறார்கள்.

இன்னுமொன்றையும் உனக்குச் சொல்ல வேண்டும்; இது பிள்ளைகளுக்குப் பெரிதாக இருக்கும், உனக்காகத்தான் எழுதுகிறேன். 1881 இல் மலோகாவில் 42 ஆண்கள் ஒப்பமிட்டு, பயிர் செய்து தம் குடும்பத்தைக் காக்கத் தம் நாட்டிலேயே ஒரு துண்டு நிலம் தரும்படி நியூ சவுத் வேல்ஸ் ஆளுநருக்கு விண்ணப்பம் அனுப்பினார்கள். நூறாண்டு கடந்து யோர்ட்டா யோர்ட்டா மக்கள் தம் பூர்வீக நிலவுரிமையைக் கேட்டு நீதிமன்றம் போனபோது, 1998 இல் வழக்கைத் தள்ளுபடி செய்த நீதிபதி, வரலாற்றின் வெள்ளம் அவர்களுடைய பழைய வழக்கங்களை அடித்துச் சென்றுவிட்டது என்று தீர்ப்பெழுதினார். அதற்குச் சான்றுகளில் ஒன்றாக அந்த 1881 விண்ணப்பமே எடுத்துக்கொள்ளப்பட்டது: விவசாயம் செய்ய நிலம் கேட்டவர்கள் பழைய வாழ்வை விட்டுவிட்டவர்களாம். 2002 இல் உயர் நீதிமன்றமும் மேன்முறையீட்டை ஏற்கவில்லை. நிலம் இழந்தவர் நிலம் கேட்டதே நிலம் இல்லை என்பதற்குக் காரணமானதை நான் மூன்று முறை வாசித்துத்தான் நம்பினேன். அந்த மக்கள் இன்று பார்மா தேசியப் பூங்காவின் பராமரிப்பில் பங்கெடுக்கிறார்கள் என்பது சிறு ஆறுதல். உரிமைக்கு அது ஈடாகாது.

ஆகவே என் திட்டம் இதுதான். முதல் நாள் துறையையும் படகையும் ஹொப்வூட்டின் விடுதியையும் பாருங்கள். 1878 இன் இரும்புப் பாலத்தை மோவாமாப் பக்கம் போய்ப் பார்த்துவிடலாம். பழைய பொலிஸ் நிலையத்தில் உள்ள அருங்காட்சியகத்துக்கு ஒரு மணி நேரம் கொடுத்தால் போதும். வண்டியிழுக்கும் பருத்த குதிரைகளைக் காட்டி இனிப்புக் கடைக்குள் இழுக்கும் தெருவில் நேரம் போவதே தெரியாது, கவனமாக இரு. இரண்டாம் நாள் விடியற்காலையில், வெயில் ஏறுமுன், பார்மாவுக்குப் போவோம். காரில் அரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூட ஆகும். காட்டு மரங்களில் தோணிக்காகவும் கேடயத்துக்காகவும் பட்டை உரித்த நீண்ட வடுக்களைத் தேடிப் பிடிக்கும் வேலையைப் பிள்ளைகளிடம் விட்டுவிடு, அவர்கள் நம்மைவிட முந்திக் கண்டுபிடிப்பார்கள். அங்கே ஆறு குறுகிப் போவதற்குக் காரணம் ஆதிகாலத்தில் நிலம் பிளந்து ஒரு பக்கம் உயர்ந்து மரேயின் போக்கையே திருப்பிவிட்டது என்பதையும் சின்னவளுக்குச் சொல்லலாம். அவளுக்குத்தான் நிலநடுக்கக் கதைகளில் ஆசை.

கம்மரகுஞ்சா, பார்மாவில் உள்ள பாலத்துக்கு அப்பால், பக்கத்திலேயே இருக்கிறது. வில்லியம் கூப்பரும் டக் நிக்கல்ஸும் அங்குள்ள மயானத்தில்தான் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். ஆனால் அது மக்கள் குடியிருக்கும் ஊர், காட்சிசாலை அன்று. அழைப்பில்லாமல் காரை விட்டிறங்கிப் படம் பிடிப்பதை நான் விரும்பவில்லை. அப்பாவும் நானும் சென்ற முறை பார்மாக் கரையில் நின்றே எதிர்க்கரையைப் பார்த்துவிட்டு வந்தோம். உள்ளே போக விரும்பினால் அந்தச் சமூகத்தாரிடம் முன்பே எழுதிக் கேட்போம். அவர்கள் சம்மதித்தால் பிள்ளைகளுக்கு அதைவிட நல்ல பாடம் கிடையாது. சம்மதிக்காவிட்டால் அதையும் மதிக்கப் பழகட்டும்.

டிசெம்பரில் அங்கே வெயில் நாற்பது பாகையைத் தொடக்கூடும். காட்டில் நுளம்பு அதிகம், முழுக்கை உடுப்பு கொண்டுவாருங்கள். கனடாவில் வாங்கிய நுளம்புத் தைலம் இருந்தால் பெட்டியில் போட்டுக்கொள். நத்தாருக்கும் வருடப் பிறப்புக்கும் இடைப்பட்ட நாட்களில் ஆற்றங்கரை விடுதிகளில் இடம் கிடைப்பது கடினம். ஆகவே விமானச் சீட்டு உறுதியானதும் திகதிகளை எழுது, அப்பா பதிவு செய்துவிடுவார். கம்மரகுஞ்சாவுக்கான கடிதத்தை நான் எழுதி வைக்கிறேன். அதில் நம் எத்தனை பேர் வருகிறோம் என்று குறிப்பிட வேண்டும், உன் மாமியாரும் கூட வருகிறாரா என்பதையும் சேர்த்துத் தெரிவி.

அன்புடன்,
அம்மா